ஐம்பத்தெட்டில் பெரியவளானேன்

தூரம் நின்றுபோன பெண்ணுக்குச் சில வருடங்கள் கழித்து மறுபடி உதிரம் கண்டால், எங்கள் ஊரில் அவளுக்கு இரண்டாம் சடங்கு செய்வோம். எனக்கு ஐம்பத்தெட்டாவது வயதில், பங்குனி மாதத்தில் ஒரு காலை, என் மாவு மில்லில் யாருடைய கோதுமையையோ அரைத்துக்கொண்டிருந்தபோது கண்டது. மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி இட்லியில் கையைக் கழுவிவிட்டு, மண்டபம் எப்போது காலியாக இருக்கிறது என்று கேட்டு வரக் கிளம்பினார். இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன ஒரு விஷயத்துக்காக அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தது அதுதான் முதல் தடவை.

ஊருக்குப் பெயர் இக்கரை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அதனால். அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அக்கரை. எங்கள் ஆட்கள் எந்த விஷயத்துக்கும் இதற்கு மேல் மூளையைச் செலவழிக்க மாட்டார்கள். நடுவில் ஒரு பாலம் உண்டு. வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் நடந்து கடந்துவிடலாம். அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இக்கரையில் பெரிய மண்டபம் இருக்கிறது.

இரண்டாம் சடங்குக்கும் முதல் சடங்கின் முறைகள்தான். தாய்மாமன் பச்சைத் தென்னோலை வெட்டி வந்து முற்றத்தில் குடிசை கட்டுவார். அவர்தான் கட்ட வேண்டும். பெண் அதற்குள் உட்கார வேண்டும். தனித்தட்டு, தனி டம்ளர். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. உதிரம் நிற்கிற வரைக்கும் குடிசையைவிட்டு வெளியே வரக் கூடாது. நின்ற பிறகு நல்ல நாள் பார்த்து மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு. சின்னப் பெண்ணுக்கு நாலைந்து நாளில் நின்றுவிடும். எங்கள் வயதில் வருவது அப்படி நிற்காது. நின்ற மாதிரி போக்குக் காட்டும், மறுபடி வரும். அதனால் ஆடியில் உட்கார்ந்தவள் அடுத்த பங்குனிவரை உட்கார்ந்திருப்பதெல்லாம் உண்டு. எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் அப்படி உட்கார்ந்தவள். எவ்வளவு காலம் உட்கார்ந்தாளோ அவ்வளவு பெருமை அவள் புருஷனுக்கு.

இரண்டாம் சடங்கு கண்ட பெண்கள் பெரும்பாலும் அடுத்த தீபாவளியைப் பார்ப்பதில்லை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சடங்கோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. சடங்கு மங்கல காரியம், சாவு அமங்கலம், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் வாய் அழுகும் என்பார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மட்டும் சேர்த்துப் பார்ப்பார். மஞ்சள் நீராட்டுக்கு எடுத்த படத்தை அழிக்காமல் வைத்திருந்து, கண்ணீர் அஞ்சலிக்கும் அதையே போட்டுக் கொடுப்பார். பொன்னுத்தாய் இன்னமும் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பலகைகளிலும் ஒரே பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

தாய்மாமன் இறந்துபோயிருந்தால் மாமன் மகன் அவசர அவசரமாக ஏதோ நாலு ஓலையைச் சாய்த்துவிட்டுப் போவான். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. என் தாய்மாமன் பரமானந்தம் எண்பதைத் தாண்டியும் கல்லுக்குண்டாக இருந்தார். ஒவ்வோர் ஓலையையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நான் முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்க, என்னைச் சுற்றிக் குடிசை எழும்பியது.

"ஏத்தா வள்ளி, மொத தடவ கட்டுனதவிட இது நல்லா வந்திருக்கு பாத்தியா? அன்னைக்கி எனக்குப் பழக்கம் இல்ல" என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. நான்கு மூங்கில் கால், மேலே முடைந்த ஓலை, வடக்குப் பார்த்த வாசல். நான் உள்ளேயே இருந்தேன்.

சித்திரை போனது, வைகாசி போனது. களிக்கு வேண்டிய உளுந்தை என் மில்லிலேயே அரைத்து அனுப்பினார்கள், கொரகொரவென்று அரைத்திருந்தார்கள். நான் இல்லாவிட்டால் அந்த மில்லில் ஒரு வேலை உருப்படியாக நடக்காது. உறவுக்காரப் பெண்கள் தாம்பாளத்தோடு வந்து, குனிந்து, வாசல் வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரத்தம் போய்ப்போய் நான் வெளுத்திருந்தேன். "கலர் கூடியிருக்கீங்க மதினி" என்றார்கள். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. நிமிர முடியாமல் வளைந்து உட்கார்ந்திருந்தேன். "வெக்கத்தப் பாரு" என்றார்கள். ஆனி மாதத்தில் வாடையும் சேர்ந்துகொண்டது. அதற்குச் சாம்பிராணி போட்டார்கள். வாடை பெரிதானபோது பெரிய சாம்பிராணியாகப் போட்டார்கள். எதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள், நான் பிழைப்பதற்குத் தவிர.

ஆவணியில் அரசாங்க ஜீப் வந்தது. எங்கள் வட்டாரத்தைப் பற்றி மேலே பெரிய கவலையாம். ஒரு வரைபடத்தில் வட்டாரம் வட்டாரமாக வண்ணம் அடித்திருந்தார்களாம். கர்ப்பப்பை புற்றுநோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்கள் அதிகமான இடத்துக்குச் சிவப்பு, குறைவான இடத்துக்குப் பச்சை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் குங்குமத்தைக் கொட்டிய மாதிரி சிவந்திருந்ததாம், அந்தப் பக்கம் பச்சை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று எங்கள் ஆட்கள் சொல்லிவந்ததை அரசாங்கம் வண்ணம் அடித்தே காட்டிவிட்டது. செய்தி கேட்டதும் ஊர்ப் பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சிவப்பு நல்ல நிறம், அக்கரைக்காரனுக்கு வெறும் இலை நிறம்தான் கிடைத்தது என்றார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க வந்த அதிகாரிக்கு ஜெயசீலன் என்று பெயர். சட்டைப்பையில் நான்கு பேனா. ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார். கிணற்றுத் தண்ணீரைத் தனியாகப் பிடித்தார். புளியை, மிளகாயை, என் மில் மாவைப் பொட்டலம் கட்டினார். மின்கம்பத்தில் காதை வைத்துக் கேட்டார். கடைசியில் என் முற்றத்துக்கு வந்தார்.

"அம்மா, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க. உங்களுக்குக் கீழ இருக்கற மண்ணு எங்களுக்கு வேணும்."

நகர்ந்து உட்கார்ந்தேன். "எதுக்குத் தம்பி மண்ணு?"

"இந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கு முத்தின பெறகுதாம்மா நோய் தெரியவருது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆரம்பத்துலயே தெரிஞ்சிருது. ஆறும் ஒண்ணுதான், காத்தும் ஒண்ணுதான். ஏன் இந்த வித்தியாசம்னு தேடுறோம்."

"அந்தப் பக்கம் எப்படி ஆரம்பத்துலயே தெரியுது?"

"அவங்க ரத்தம் பட்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்துர்றாங்க."

"இந்தப் பக்கம்?"

"அதத்தாம்மா தேடுறோம்" என்று மண்ணைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். பிறகு நிமிர்ந்து, "நீங்க ஏம்மா ஓலைக்குள்ள உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"ரத்தம் படுது. எனக்குச் சடங்கு."

"ஓ, வாழ்த்துக்கள்மா" என்றார். என் வீட்டுக்காரர் அவரை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் களி கொடுத்தார். நல்லெண்ணெய் ஊற்றி மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டாராம். போகும்போது களியிலும் ஒரு உருண்டையை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, முற்றியதைக் கூடையிலேயே எறிந்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் ஆட்கள். வீட்டுப் பெண்ணை மட்டும் முற்றுகிற வரைக்கும் உட்கார வைப்பார்கள். இதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்கவில்லை. படித்தவர்கள் கேட்காததை நாமாகச் சொன்னால் அவர்கள் முகம் சுருங்கிவிடும்.

புரட்டாசியில் என் மகள் தமயந்தி வந்தாள். அவளை அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். பிரசவத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் முறை. என் வீட்டுக்காரர் அவளுக்குச் சேதியைச் சொல்லவில்லை. பத்திரிகை அடித்த பிறகு முறைப்படி வெற்றிலை பாக்கோடு போய்ச் சொல்லலாம் என்று வைத்திருந்தார். கைக்குழந்தையோடு வாசலில் குனிந்து என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் மாதிரி கலர் கூடியிருக்கிறது என்று சொல்லவில்லை.

"எத்தன மாசமா?"

"பங்குனிலேர்ந்து."

"எந்திரிம்மா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "அங்க வாக்கப்பட்டுப் போயி அவங்க புத்தி வந்திருச்சு பாத்தியா. அக்கரைக்காரனுக்குச் சீர் செய்ய வக்கில்ல. அதான் பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான்."

"எங்க மாமியாருக்குப் போன வருஷம் இதேதாம்ப்பா. ரெண்டாவது நாளே போயிட்டாங்க. ஆப்பரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. இப்ப காலையில எந்திரிச்சதும் என்னயத் திட்ட ஆரம்பிச்சா ராத்திரி படுக்கற வரைக்கும் மூச்சு வாங்காமத் திட்டுறாங்க."

"சடங்கு செஞ்சாங்களா?" என்று கேட்டார் பரமானந்தம் மாமா.

"இல்ல தாத்தா."

"அப்பறம் இருந்து என்ன பிரயோசனம்" என்று சொல்லிவிட்டு அவர் ஓலையைத் தடவினார்.

அந்தச் சம்பந்தியம்மாவை எனக்கு எப்போதுமே பிடிக்காது. கல்யாணத்தில் பாயசத்தில் முந்திரி இல்லை என்று சபையில் சொன்னவள். அவள் நாள் முழுக்கத் திட்டுகிற தெம்போடு இருக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் அப்படி இருக்க வேண்டும் போலிருந்தது. என் பேத்தி வளர்ந்து, என் மில்லில் உட்கார்ந்து, மாவு சரியாக அரைக்கவில்லை என்று என்னிடம் திட்டு வாங்க வேண்டும். எனக்கு வாழ ஆசையாக இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில்தான் பெண் சாகக் கூச்சப்பட மாட்டாள், பிழைக்கக் கூச்சப்படுவாள்.

ஆனால் முறை என்று ஒன்று இருந்தது. முறையை மீறினால் எனக்கு மகளுடைய புகுந்த வீட்டில்கூடச் சோறு இறங்காது. நான் யோசித்துப் பார்த்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, நான் குடிசைய விட்டு வெளிய வரக் கூடாது. சரி. குடிசை எந்த எடத்துல இருக்கணும்னு ஏதாவது இருக்கா?"

அவர் விரல்விட்டு ஒவ்வொரு முறையாக எண்ணிப் பார்த்தார். முறைகளில் அவருக்கு மிஞ்சி ஊரில் ஆள் கிடையாது. "எடம்னு ஒண்ணும் இல்லத்தா. வாசல் வடக்கப் பாத்து இருக்கணும். அது ஒண்ணுதான்."

அக்கரை எங்களுக்கு வடக்கே இருக்கிறது. நான் எழுந்து, இரண்டு மூங்கில் கால்களைக் கைகளால் பிடித்து, குடிசையைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஓலை அதற்குள் காய்ந்துவிட்டதால் கனம் இல்லை. தமயந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கத்தை ஒரு கையால் தாங்கினாள். தெருவில் இறங்கினேன்.

யாரும் தடுக்கவில்லை. தடுக்க முறை இல்லை. குடிசை நகர்வதைப் பார்த்ததும் இது ஊர்வலம் என்று புரிந்துகொண்டு பெண்கள் சீர்த்தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். என் வீட்டுக்காரர் மேளக்காரருக்கு ஆள் அனுப்பினார். பஸ் ஸ்டாப் தாண்டுவதற்குள் நாதஸ்வரம் சேர்ந்துவிட்டது. பரமானந்தம் மாமா முன்னால் நடந்து, வாசல் வடக்கைவிட்டு விலகுகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். தெரு வளைகிற இடங்களில் நான் வளையாமல் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. அதற்குக்கூடக் கை தட்டினார்கள்.

பாலத்தில் ஏறியபோது என் கால் வழியாக ரத்தம் இறங்கியது. கண் இருட்டியது. இங்கேயே விழுந்துவிடுவேன், மகளைக்கூட ஒழுங்காக ஒரு தடவை பார்க்காமல் ஓலைக்குள் செத்துப்போவேன் என்று பயந்தேன். "தமயந்தி" என்று கூப்பிட்டேன். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. பாலத்தின் நட்டநடுவில் ஜெயசீலன் கயிற்றில் வாளியைக் கட்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் எடுத்தால் எந்தக் கரைக்கும் பாரபட்சம் இருக்காது என்று யாரிடமோ சொன்னார். எங்களுக்கு வழிவிட்டு, குடிசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அக்கரை ஆஸ்பத்திரிக் கதவு அகலமானது. அங்கே இக்கரையிலிருந்து வருகிற குடிசைகளுக்கென்று ஒரு தனி வரிசையே இருந்தது. இந்த யோசனை எனக்கு மட்டும் வந்ததில்லை போலிருக்கிறது. அன்றைக்கு எனக்கு முன்னால் மூன்று குடிசைகள் நின்றன. ஒன்றில் சத்தமே இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு மாமன் நின்று, அவள் கூச்ச சுபாவம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ரெஜினா தலை குனிந்து என் குடிசைக்குள் வந்தார். என்னை விட்டுவிட்டு முதலில் ஓலையைப் பார்த்தார். அவருக்கு அது பழக்கம். ஓலை பச்சையாக இருந்தால் முதல் நிலை, மஞ்சளாகியிருந்தால் இரண்டாம் நிலை, காய்ந்து சருகாகியிருந்தால் மூன்றாம் நிலை. ஓலை உதிர்ந்து ஈர்க்கு மட்டும் நின்றால் அவர் நிலையைச் சொல்வதில்லை, வலிக்கு மாத்திரை கொடுப்பார். என் ஓலையை விரலால் நொடித்தார். அது அப்பளம் போல் உடைந்து அவர் கையில் வந்தது.

"பச்சை ஓலையோட வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

அவர் அதை அதட்டலாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. குடிசைக்குள் உட்கார்ந்த இத்தனை மாதத்தில் நான் அழுதது அப்போதுதான். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். எல்லாம் ஓலை சொன்னதையே சொன்னது.

"நான் பொழைப்பனா டாக்டர்?"

"எடுத்துருவோம். அப்புறம் கதிர்வீச்சு, அதான் கரண்ட் வைக்கணும், மருந்து ஏத்தணும். முடிஞ்சதெல்லாம் செய்யறேன். நல்லா ஆகலாம், ஆகாமலும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

"நான் அக்கரைக்காரியா இருந்திருந்தா?"

"இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீங்க."

ஆப்பரேசனுக்கு முந்திய நாள் குடிசையைப் பிரித்தார்கள். ஆப்பரேசன் அறையின் வாசல் கிழக்கே பார்த்து இருந்தது, வடக்குப் பார்த்தபடி குடிசையை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் மாமா வேறு வழியில்லாமல் சம்மதித்தார். எனக்கு மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் என் துணியைப் பார்த்துவிட்டு, "ரத்தம் நின்னுருச்சு" என்றாள்.

வராந்தாவில் நின்றிருந்த பரமானந்தம் மாமாவுக்கு அது கேட்டுவிட்டது. "நின்னுருச்சாம்! நின்னுருச்சாம்!" என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் அங்கிருந்தே மண்டபத்துக்குப் போன் போட்டார். ஐப்பசியில் நல்ல முகூர்த்தம் ஒன்று கிடைத்தது.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. சடங்கில் யாரை உட்கார வைப்பது? பெரியவர்கள் என் கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். என்னை உட்கார வைக்க முடியாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. கர்ப்பப்பை இல்லாதவளுக்கு எப்படிச் சடங்கு செய்வது, ஊர் சிரிக்காதா? மாமாதான் தீர்த்துவைத்தார்.

"தூரம் வந்தது யாருக்கு? அதுக்கு. இத்தன மாசம் விடாம நின்னது யாரு? அது. நின்னது எப்ப? அத வெளிய எடுத்தப்ப. அப்பப் பொண்ணு எது?"

பெரியவர்கள் தலையாட்டினார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன், முறைப்படி சரியாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் போய் டாக்டர் ரெஜினாவிடம் பெண்ணைக் கேட்டார். பரிசோதனைச் சாலையிலிருந்து திரும்பி வந்ததும் தருகிறேன் என்று சொல்லி, அப்படியே மருந்துத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியை இறுக்கித் தந்தார். குலுக்காமல் எடுத்துப் போகச் சொன்னார். என் வீட்டுக்காரர் அதைக் காரின் முன் சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டிக் கூட்டிப்போனார். எனக்குக் காரில் இடம் இல்லாததால் நானும் தமயந்தியும் பஸ்ஸில் வந்தோம்.

சடங்கு நடந்தபோது எனக்குக் கரண்ட் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு எட்டு நடந்தால் அடுத்த எட்டுக்கு மூச்சு வாங்கியது. மண்டப வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். ஃப்ளெக்ஸ் பலகையில், "எங்கள் வீட்டு இளவரசி" என்ற எழுத்துக்குக் கீழே இருந்த என் படத்தின்மேல் ஜாடியின் படத்தை ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு மயில் தோகை விரித்திருந்தது. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணை எனக்குத் தெரியாது, அவளுக்கும் என்னைத் தெரியவில்லை. நான் அவ்வளவு இளைத்திருந்தேன்.

"வாங்கம்மா. பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"கூடப் பொறந்தது" என்றேன்.

"அக்காவா! அப்ப முன்னால போயி உக்காருங்க" என்று இடம் காட்டினாள்.

மேடையில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. அதில் ஜாடிக்கு அரக்குப் பட்டு சுற்றி, என் காசுமாலையைப் போட்டு, மூடியின் மேல் மல்லிகைப் பூ வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் என் வயிற்றுக்குள் இருந்ததை அப்போதுதான் நேரில் பார்க்கிறேன். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரு கத்தரிக்காய் அளவுதான். இதற்குள் எங்கே தமயந்தியை வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. பரமானந்தம் மாமா மாலை போட்டார். நாத்தனார்கள் வரிசையாக வந்து ஆலம் சுற்றினார்கள். என் முகத்தைப் பார்த்து இத்தனை வருடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மூத்த நாத்தனார், ஜாடியைப் பார்த்து நெட்டி முறித்து, "என் கண்ணே பட்டுரும்" என்றாள். போட்டோக்காரர் ஜாடியை லேசாக இடது பக்கம் திரும்பச் சொன்னார். என் வீட்டுக்காரர் போய்த் திருப்பி வைத்தார்.

சிறப்பு விருந்தினராக ஜெயசீலன் வந்திருந்தார். ஆய்வு முடிந்துவிட்டது என்று மைக்கில் சொன்னார். தண்ணீரில் குற்றம் இல்லை, மண்ணில் இல்லை, புளியில் இல்லை, களி மிகவும் சத்துள்ளது. வித்தியாசத்துக்குக் காரணம் தெரியவில்லை. ஆகவே அடுத்த ஆய்வில் மேகங்களைப் பார்க்கப்போகிறார்கள். ஆனாலும் ஒரு நல்ல சேதி இருக்கிறது என்றார். நமது பெண்ணை அக்கரை ஆஸ்பத்திரியில் எடுத்திருப்பதால் விதிப்படி அக்கரைக் கணக்கில் சேர்த்தாகிவிட்டது. இதே ரீதியில் போனால் இரண்டு கரைக்கும் உள்ள வித்தியாசம் வெகு சீக்கிரம் மறைந்துவிடும். மண்டபமே கை தட்டியது. ஆஸ்பத்திரி வரிசையில் சத்தமே வராத அந்தக் குடிசைக்குப் பக்கத்தில் நின்ற மாமனும் கூட்டத்தில் நின்று கை தட்டியதைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. மூச்சு போதவில்லை.

முதல் பந்தியில் உட்கார்ந்தேன். எனக்கு எதுவும் இறங்கவில்லை. தமயந்தி ரசத்தில் சோற்றைக் கரைத்து இரண்டு வாய் ஊட்டினாள். அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு சின்னக் கூட்டம் கூடியிருந்தது. மேலத் தெரு ரைஸ்மில்காரர், அவர் சம்சாரம், பட்டு வேட்டியில் அவர் மகன். வயதுக்கு வந்த பெண் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் கை காய்வதற்குள் கேட்டு வந்துவிடுவார்கள். பையனுக்கு அரசாங்க வேலை, ஒரே பையன், பெண்ணை மேடையில் பார்த்ததிலிருந்து வேறு இடமே வேண்டாம் என்கிறான் என்றார் ரைஸ்மில்காரர்.

என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக, "நீங்க கேக்கறதுக்கு நாங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

பையனின் அம்மா பக்கத்தில் நெருங்கி வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே பையன், அதனால கேக்கறேன். பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

"சே சே, ஒரு தலவலி காய்ச்சல்னு படுத்ததில்ல" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, வீட்டுப் பெண்ணும் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்று என்னைப் பார்த்தார்.

"நல்ல ஆரோக்கியம்" என்று சொல்லிவிட்டு, கரண்ட் வைக்கிற நேரமாகிவிட்டதால் தமயந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கரை பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.